யாழைத் தேடிய அடிகள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்கில் செய்த கண்ணாடி அலமாரிகளைக் காணலாம். கொண்டுவிற்கச் சென்ற முன்னோர் இரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கொணர்ந்த பீங்கானும் கண்ணாடியும் ஒரு தட்டில் இருக்கும். அடுத்த தட்டில் திருமுறைகளும் பெரிய புராணமும் விவேகானந்தர் சொற்பொழிவுகளின் தமிழாக்கமும் அடுக்கப்பட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் கண்டனூரில் நண்பரொருவரின் பூர்வீக வீட்டில் அப்படியோர் அலமாரியைத் திறந்தபோது, கனத்த நூலொன்று கைக்கு வந்தது. யாழ் நூல், 1947ஆம் ஆண்டுப் பதிப்பு. முதற்பக்கங்கள் பலமுறை புரட்டப்பட்டிருந்தன. நடுவில் எண்களும் பட்டியல்களும் தொடங்கும் இடத்திற்கப்பால் விரல் பட்ட அடையாளமே இல்லை. வாங்கிப் போற்றியவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். அவரைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. முதன்முறை நானும் அங்கேதான் நின்றேன்.

அந்நூலை இயற்றிய விபுலாநந்த அடிகளின் வாழ்வை நம் மலரில் எழுத விரும்பியதற்கு இது ஒரு காரணம். அந்நூலின் பிறப்பில் நகரத்தார் பெருமகனார் ஒருவருக்கும் பங்குண்டு என்பது மற்றொரு காரணம்.

ஈழத்தின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பிற்குத் தெற்கே அமைந்த காரைதீவு என்னும் சிற்றூரில் 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் சாமித்தம்பி, கண்ணம்மை இணையருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். அவ்வூரில் கண்ணகியம்மன் கோயில் உண்டு. தமிழகத்தில் கண்ணகி வழிபாடு பெரிதும் பெயர்மாறி மறைந்துபோன காலத்திலும், மட்டக்களப்புக் கரையோர ஊர்களில் அவள் தன் பெயரோடே குடியிருந்தாள். ஆண்டுதோறும் வைகாசியில் அவள் கதையைக் கோயில்களில் பாடிவந்தனர். சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்டதும் இதே 1892இல்தான். அந்த நூலின் ஒரே ஒரு காதை, பின்னாளில் இம்மகவின் வாழ்நாளில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள இருந்தது.

இளமைக் கல்வியில் இரண்டு ஓடைகள் ஒருசேரப் பாய்ந்தன. ஊரில் வடமொழியும் தமிழும் பயின்றார். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கிறித்துவப் பள்ளிகளில் ஆங்கிலமும் கணக்கும் பயின்றார். ஆசிரியப் பயிற்சி முடித்தபின் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916இல் அறிவியல் சான்றிதழ் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் வென்றார். ஈழநாட்டிலிருந்து அத்தேர்வில் தேறிய முதல்வர் அவரே. 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியல் பட்டமும் பெற்று, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையை ஏற்றார். பகலில் ஒலியியலும் ஒளியியலும் கற்பிப்பவர், இரவில் தொல்காப்பியம் படிப்பவர். இவ்விரண்டும் ஒருவரிடத்தில் கூடியிராவிட்டால் யாழ் நூல் பிறந்திராது. தமிழ்ப் புலவர்க்கு அதிர்வெண் தெரியாது. அறிவியலார்க்கு அரங்கேற்றுகாதை தெரியாது.

யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே இராமகிருஷ்ண இயக்கத்தின் ஈர்ப்பு அவரைப் பற்றியது. சென்னை மடத்துச் சர்வானந்த சுவாமிகள் ஈழத்திற்கு வந்து சென்றது அதற்கு வித்தாயிற்று. 1922இல் கல்லூரித் தலைமையைத் துறந்து மயிலாப்பூர் மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பெயரோடு பயிற்சிக் காலத்தைக் கழித்து, 1924இல் இராமகிருஷ்ணரின் நேர்ச்சீடரான சிவானந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார்.

துறவு பூண்டவுடன் அவர் கையில் கொடுக்கப்பட்டது திருவோடன்று, எழுதுகோல். மடத்தின் தமிழ் இதழாகிய இராமகிருஷ்ண விஜயத்திற்கும் ஆங்கில இதழாகிய வேதாந்த கேசரிக்கும் ஆசிரியப் பணி செய்தார். விவேகானந்தருடைய கரும யோகத்தையும் ஞான யோகத்தையும் தமிழில் பெயர்த்தார். அக்காலத்து வேதாந்த நூல்கள் பலவும் வடசொற் காடாக இருக்க, அவருடைய தமிழ் நடந்து செல்லக்கூடிய தமிழாக இருந்தது. வடமொழியை வெறுத்து ஒதுக்கவுமில்லை, அதற்கு அடங்கி நிற்கவுமில்லை. செட்டிநாட்டு அலமாரிகளில் விவேகானந்தர் தமிழாக இடம்பெற்றதற்கு இத்தகைய பெயர்ப்பாளர்களின் உழைப்பே காரணம்.

அதே 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்து விழாவில் நாடகத்தைப் பற்றி உரை நிகழ்த்தினார். அவ்வுரை விரிந்து 1926இல் மதங்க சூளாமணி என்னும் நூலாயிற்று. சேக்கசுப்பியரின் நாடகங்களையும் சிலப்பதிகாரத்து அடியார்க்குநல்லார் உரையில் சிதறிக் கிடக்கும் நாடக இலக்கணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த நூல் அது. முத்தமிழில் இயலுக்கு நூல்கள் உண்டு. நாடகத்திற்கு இதை எழுதினார். இசை எஞ்சி நின்றது.

1925இல் ஈழம் திரும்பி, இராமகிருஷ்ண சங்கத்தின் பள்ளிகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார். மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில் தம் குருவின் பெயரால் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். அங்கேதான் மட்டக்களப்பு வாவி. நிலவுக் காலத்து இரவுகளில் அவ்வாவியின் நீரடியிலிருந்து ஒருவகை இன்னொலி எழும். பாடும் மீன்கள் என்பர் ஊரார். அடிகள் இரவில் தோணியேறி அவ்வொலியைக் கேட்டார். நீரர மகளிர் பாடுவதாகப் பாட்டொன்றும் புனைந்தார். அறிவியல் ஆசிரியர் ஒருவர் தோணியின் விளிம்பில் செவி சாய்த்து, அவ்வொலி எந்த நரம்பின் ஓசை என்று ஓர்ந்துகொண்டிருக்கும் காட்சியை எண்ணிப் பார்க்கிறேன்.

1931இல் சிதம்பரத்திலிருந்து அழைப்பு வந்தது. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் 1929இல் நிறுவிய பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பதவி. அதை அவர் இரண்டாண்டுகளே வகித்தார்; ஆயினும் அவ்விரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்தவை பல. பாரதியார் மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்த காலம் அது. நம்மூர்க்காரர்களுக்குப் பாரதி புதியவரல்லர். 1919இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்திற்கும் கானாடுகாத்தான் வை. சு. சண்முகனார் இல்லத்திற்கும் வந்து சென்றவர். ஆயினும் கல்லூரிப் புலவர் பலர் அவரைக் கவிஞரென ஏற்கத் தயங்கினர். பண்டிதப் பட்டமும் காவியுடையும் உடைய பேராசிரியரே பாரதியைத் தூக்கிப் பேசியபோது, அத்தயக்கத்திற்கு முதல் அடி விழுந்தது. மாலை வேளைகளில் பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்ததும் அதே துறவிதான். 1933இல் பதவியைத் துறந்து ஈழம் மீண்டார். அவர் விட்ட இருக்கைக்கு நாவலர் சோமசுந்தர பாரதியார் வந்தார். மறு ஆண்டு மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசனாரும் அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அடிகளின் மனத்தில் அதற்குள் ஒரு முள் தைத்துவிட்டிருந்தது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் யாழாசிரியனுடைய அமைதியைக் கூறும் சில அடிகள் உண்டு, இருபத்தைந்து அடிகள்தாம். அவற்றிற்கு அடியார்க்குநல்லாரின் உரை விரிவாகவே இருக்கிறது. ஆயினும் உரையும் பாட்டும் குறிப்பிடும் கருவி தமிழ்நாட்டில் எங்குமில்லை. கோயிலில் இல்லை, அரண்மனையில் இல்லை, பாணர் குடிகளிலும் இல்லை. யாழ்ப்பாணம் என்று ஊருக்குப் பெயர் இருக்கிறது. அவ்வூரிலும் யாழ் இல்லை. யாழென்றால் வீணையே என்று கற்றோரும் எழுதிவந்தனர். கருவி போனதும் சொற்களின் பொருளும் போயிற்று. பத்தர், கோடு, திவவு, மாடகம் என்பன உறுப்புகளின் பெயர்கள் என்பது தெரியும். உறுப்பு எங்கே பொருந்தியது என்பது தெரியாது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையையும் மாணாக்கர் ஒப்புவிப்பர்; ஒன்றைப் பாடிக்காட்டச் சொன்னால் ஆசிரியரும் விழிப்பார்.

அடிகள் இச்சிக்கலைக் கணக்கின் வழியே அணுகினார். அவருடைய தனிச்சிறப்பு இதுவே. நூலின் நடுப்பக்கங்களைப் பலரும் கைவிட்டதற்குக் காரணமும் இதுவே. இழுத்துக் கட்டிய நரம்பொன்றைத் தெறித்தால் ஓர் ஓசை எழும். அதன் நீளத்தைப் பாதியாக்கினால் அதே இசை மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ஐந்தாம் நரம்பு, குரலுக்கு இளி. இந்த ஓர் உறவைத் திரும்பத் திரும்பக் கொண்டு சென்றால் ஏழு நரம்புகளும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்துவிடும். ஒரு தானத்தை இருபத்திரண்டு அலகுகளாகப் பகுத்து, நரம்புதோறும் நான்கும் மூன்றும் இரண்டுமாகப் பழந்தமிழர் பங்கிட்டனர். ஏழு நரம்புகளில் ஒவ்வொன்றையும் முறையே முதலாகக் கொண்டால், செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழு பாலைகள் தோன்றும். இப்படிக் கணக்கிட்டு, சிலப்பதிகார அடிகள் அலங்காரச் சொற்களல்ல, கணக்குத் தவறாத இசையிலக்கணம் என்று அவர் நிறுவினார். இதைப் படித்துணர்ந்த நாளில் இளங்கோவைப் பற்றிய என் எண்ணமே மாறியது.

யாழுக்கும் வீணைக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் புலப்படும். வீணையில் ஒரு தந்தியை மெட்டுகளின்மேல் அழுத்திப் பல இசைகளைப் பெறலாம். பழைய யாழில் ஒரு நரம்புக்கு ஓர் இசை. பேரியாழுக்கு 21 நரம்புகள், சகோட யாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்பது மரபு. பண் மாறினால் நரம்பை முறுக்கியும் தளர்த்தியும் புதிதாகக் கூட்ட வேண்டும். பாட்டின் நெளிவுசுளிவுகள் பெருகப் பெருக அத்தகைய கருவி பின்தங்கியிருக்கும். இதற்குத் திருமுறை வரலாற்றிலேயே சான்றுபோல் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஞானசம்பந்தரின் பதிகங்களை யாழிலிட்டு உடன் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று யாழில் அடங்காதொழிய, பாணர் தம் கருவியையே உடைக்க ஓங்கினார், சம்பந்தர் தடுத்தாட்கொண்டார். அப்பதிகத்துப் பண்ணுக்கு யாழ்முரி என்றே பெயர் நிலைத்தது. பெரிய புராணத்தில் இதைப் படிக்கும் நாம் சம்பந்தரின் பெருமையில் மனம் கொடுத்துவிடுகிறோம். பாணரின் கையில் நின்ற யாழை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடிகள் திரும்பிப் பார்த்தார்.

இத்துறையில் அவருக்கு முன்னோடி இல்லாமலில்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டிருந்தார். பண்டிதர் ஒரு தானத்தை இருபத்துநான்காகப் பகுத்தார். அடிகள் இருபத்திரண்டில் நின்றார். இவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அடிகள் மீட்டெடுத்த பண்வடிவங்களுள் சிலவற்றைப் பின்வந்த ஆய்வாளர் ஏற்கவில்லை. ஓதுவார் மரபில் இன்று வழங்கும் தேவாரப் பண்ணிசையோடு அவர் கணக்கு எல்லா இடத்திலும் ஒத்துவரவில்லை என்பதும் உண்மையே. நூலின் சில பகுதிகளில் அறிவியலாரின் துணிவு, சான்றின் அளவை மீறிச் செல்வதாகவும் எனக்குத் தோன்றுகிறது. இதனால் நூலின் மதிப்புக் குறையாது. அதற்குப்பின் பழந்தமிழிசையைப் பற்றி எழுதவந்த யாரும் அதனோடு உடன்பட்டோ மாறுபட்டோதான் எழுத வேண்டியிருந்தது.

ஆய்வு தொடங்கியதும் அவருடைய கடமைகள் குறையவில்லை. 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கி, அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கு வழிசெய்தார். 1939இல் இமயமலைச் சாரலில் அல்மோராவை அடுத்த மாயாவதிக்குச் சென்று பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை ஏறத்தாழ ஈராண்டு நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இக்காலத்தில்தான் தமிழகத்தில் தமிழிசை இயக்கம் எழுந்தது. 1941இல் அண்ணாமலைநகரில் மாநாடு. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு நாடே பிளவுபட்டு வாதிட்டுக்கொண்டிருந்தது. அடிகளோ, அத்தமிழ்ப் பாட்டின் வேர் எங்கே ஓடுகிறது என்று நரம்பு நரம்பாக அளந்துகொண்டிருந்தார். இரண்டும் தேவைப்பட்ட வேலைகளே. முன்னதற்குக் கைதட்டல் கிடைத்தது.

துறவியிடம் பொருளில்லை. போர்க்காலத்திலோ நூல் அச்சிடக் காகிதமே அரிதாக இருந்தது. இந்த நிலையில் துணை நின்றவர், புதுக்கோட்டையில் வாழ்ந்த கோனூர் சமீன்தார் சிதம்பரம் செட்டியார். தம் இராம நிலையத்தில் அடிகளைத் தங்கவைத்து, ஆய்வு நிறைவுற வேண்டிய உதவிகளைச் செய்தார். நகரத்தார் கோயில்களைக் கருங்கல்லில் எடுப்பித்தது ஊரறிந்த செய்தி. ஒலி அடங்கிப்போன ஒரு கருவிக்காக, கணக்கு நிறைந்த ஒரு நூலுக்காக நகரத்தார் ஒருவர் கைப்பொருள் ஈந்ததைத் திருப்பணி வரிசையில் யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்பது என் கட்சி. நூலை வெளியிடும் பொறுப்பைத் தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் ஏற்றது.

அரங்கேற்றத்திற்குத் தேர்ந்த இடம் திருக்கொள்ளம்பூதூர். குடவாசலுக்கும் கொரடாச்சேரிக்கும் இடைப்பட்ட வெட்டாற்றங்கரையில் உள்ள பாடல்பெற்ற தலம். சிதம்பரம் செட்டியார் திருப்பணி செய்த கோயில். ஆற்றில் வெள்ளம் பெருகி ஓடக்காரர்கள் விலகிய நாளில், சம்பந்தர் அடியாரோடு ஓடத்தில் ஏறிப் பதிகம் பாட, பாட்டே கோலாக ஓடம் கரை சேர்ந்தது என்பது தலவரலாறு. ஆண்டுதோறும் தீபாவளியை அடுத்து அங்கே ஓடத்திருவிழா நடைபெறுகிறது. அந்த ஓடத்தில் யாழ்ப்பாணரும் இருந்திருப்பார் அல்லவா!

1947 சூன் 5, 6 ஆகிய இரு நாள்களும் விழா. புலவர்களும் இசைவாணர்களும் திரண்டிருந்தனர். அடிகளின் ஆய்வுப்படி அமைத்த யாழ்களை மக்கள் கண்ணால் கண்டனர். கோயிலில் நூல் அரங்கேறியது. சங்கீதபூஷணம் க. பொ. சிவானந்தம் பிள்ளை அந்த யாழை மீட்டி இசைத்தார். எத்தனையோ நூற்றாண்டுகளாகச் சொல்லாக மட்டுமே இருந்த ஒன்று அன்று ஒலியாயிற்று. அவ்வொலி இளங்கோ கேட்ட ஒலிதானா என்று சொல்ல வல்லார் யாருமில்லர். ஆயினும் அங்கிருந்தோர் கேட்டது யாழ். நூலின் ஏழு இயல்களில் ஒன்று தேவாரவியல் என்பதை நினைத்தால், சம்பந்தர் கோயிலைத் தேர்ந்தது தற்செயலன்று என்பது விளங்கும். திருமுறையை ஓதுவது வழிபாடு என்றால், அதன் இசையைக் கணக்கிட்டு மீட்பதும் அவருக்கு வழிபாடாகவே இருந்தது. ஆராய்ச்சியாளர் வேறு, அடியார் வேறு என்று பிரித்துக் காணும் பழக்கம் நமக்குத்தான் உண்டு.

நெடுநாள் உழைப்பும் ஊர்ப்பயணங்களும் உடலை அரித்திருந்தன. விழா முடிந்து அடிகள் கொழும்பு திரும்பினார். நாற்பத்து மூன்று நாள்கள் கழித்து, 1947 சூலை 19ஆம் நாள், தம் ஐம்பத்தாறாம் வயதில் மறைந்தார். யாழை மீட்கும் முறையை மாணாக்கர் சிலருக்கேனும் கற்றுக்கொடுத்து ஒரு பரம்பரையைத் தொடங்கிவைக்க அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. நூல் எஞ்சியது. கருவி மீண்டும் காட்சிப்பொருளாயிற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கம் இரண்டாம் பதிப்பை வெளியிட 1974 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரை, நம் பக்கத்து அலமாரிகளில் உறங்கிய முதற்பதிப்புப் படிகளே தேடுவோர்க்குத் துணை. அண்மைக் காலத்தில் இளைஞர் சிலர் மரத்தைச் செதுக்கி, நரம்பு கட்டி, யாழைப் புதிதாகச் செய்து மேடையேற்றத் தொடங்கியிருக்கின்றனர்.

அடிகளின் உடல் கொழும்பிலிருந்து மட்டக்களப்பிற்குக் கொணரப்பட்டு, அவர் கட்டிய சிவானந்த வித்தியாலயத்து வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டது. இறைவன் விரும்பும் மலர்கள் எவை என்று கேட்டு, பூத்த பூக்களையெல்லாம் ஒதுக்கி, உள்ளமும் கூப்பிய கையும் நாட்டவிழியுமே அம்மலர்கள் என்று விடைகாணும் அவருடைய சிறு பாடல் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அதற்கு அப்பால் சிறிது தொலைவில் கல்லடிப் பாலம். அதன் கீழே வாவி.